பெயருடைய முகமும் பெயரில்லா முகமும்: ஓவியர் இரவிவர்மாவின் வாழ்வும் கலையும்

அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. புறப்பாடலுக்கு அத்தடை இல்லை. பாடப்படுவோன் இன்னான் என்று பெயரும் ஊரும் விளங்கக் கூறுவதே அங்குச் சிறப்பு. இவ்விதி எவ்வளவு நுட்பமாகப் பேணப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை நல்ல சான்று. நக்கீரர் பாடிய அப்பாட்டு, பாசறையில் இருக்கும் அரசனையும் அரண்மனையில் அவன் பிரிவால் வருந்தும் அரசியையும் காட்டுகிறது. அவர்களுள் எவர் பெயரும் அதில் இல்லை. ஆயினும் வேலின் தலையில் கட்டிய வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ ஆதலால், அது அகமாகாது, புறமே என்று நச்சினார்க்கினியர் முடிவு கூறினார். பொதுவாக நின்ற ஓர் உருவம் குறிப்பிட்ட ஒருவராக மாறுவதற்கு ஓர் அடையாளமே போதுமானதாக இருந்தது. அதே பாட்டில் அரசி, வண்ணம் தீட்டப்பெறாத கோட்டுருவத்துக்கு, அதாவது 'புனையா ஓவிய'த்துக்கு ஒப்பிடப்படுகிறாள். அவளுக்குக் கடைசிவரை பெயர் இல்லை.

ஓவியர் ஒருவரின் வாழ்வைச் சொல்லவந்த கட்டுரை இலக்கண விதியோடு தொடங்குவது ஏன் என வாசகர் வினவலாம். மனிதரைப் படமாக எழுதும் கலையிலும் இதே இருபாற் பிரிவு உண்டு. ஒரு படம் இன்னார் என்று பெயர் சொல்லி நிற்கும். மற்றொன்று 'ஒரு பெண்', 'ஒரு தாய்', 'ஒரு தேவி' எனப் பொதுமையில் நிற்கும். முன்னதைப் புறம் என்றும் பின்னதை அகம் என்றும் ஒப்புமை கருதிக் கூறலாம். இவ்விரண்டையும் ஒரே கையால் எழுதிப் புகழ்பெற்றவர் இராஜா இரவிவர்மா (1848–1906). அரசரும் ஆளுநரும் செல்வரும் தம் முகத்தை எழுதித் தருமாறு வேண்டி அழைத்த உருவப்பட ஓவியர் அவர். நம் வீட்டுப் பூசையறைகளில் இலக்குமியும் சரசுவதியும் கொண்டிருக்கும் தோற்றத்துக்கு வழிவகுத்தவரும் அவரே. அவர் எழுதிய முகங்களுள் எவை பெயரோடு நின்றன, எவை பெயரிழந்தன, அதனால் நமக்கு நேர்வது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உருவப்படம் என்னும் கருத்து

ஓவியக் கலைக்குரிய சொற்கள் தமிழில் பல. ஓவம், ஓவியம், சித்திரம் என்பன படத்தைக் குறிக்கும். துகிலிகை, வட்டிகை என்பன தூரிகையைக் குறிக்கும். ஓவியரை மதுரைக்காஞ்சி 'கண்ணுள் வினைஞர்' என்று அழைக்கிறது. காண்பவரின் கண்ணையே தம் தொழிலுக்குக் களமாகக் கொண்டவர் என்பது அதன் கருத்து. 'உருவப்படம்' என்பதோ பிற்காலத்தில் நாம் அமைத்துக்கொண்ட கூட்டுச்சொல்.

சொல் புதிதாயினும் செயல் பழையது. மடலேறத் துணிந்த தலைவன், தலைவியின் உருவைத் துணியில் எழுதிக் கையில் ஏந்திச் செல்வது அகமரபு. அப்படத்துக்குக் 'கிழி' என்று பெயர். சீவக சிந்தாமணியில் சீவகன் குணமாலையின் உருவை எழுதி நோக்கியிருப்பதும், அதனைக் காந்தருவதத்தை கண்டு ஊடுவதும் கதைப் பகுதிகள். ஊடல் எழுந்ததென்றால் படம் இன்னாருடையது என்று அடையாளம் தெரிந்தது என்றே பொருள்.

கல்லிலும் இம்முயற்சி நடந்தது. மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் இரண்டு அரசர்களின் உருவங்கள் தேவியரோடு செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் மேலே சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்னும் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அப்பெயர்கள் எந்த எந்தப் பல்லவ மன்னரைச் சுட்டுகின்றன என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முகம் கண்முன் இருந்தும் வாதம் முழுவதும் பெயரைப் பற்றியே நடக்கிறது. மதுரைப் புதுமண்டபத்தில் நிற்கும் திருமலை நாயக்கரின் சிலையில், அவருடைய பருத்த வயிற்றைச் சிற்பி மறைக்கவில்லை. அங்கே பொதுமையிலிருந்து ஒரு தனிமனிதர் வெளிப்படத் தொடங்குகிறார். எனினும் தோலின் நிறமும் கண்ணின் ஈரமும் துணியின் மடிப்பும் சேர்ந்து 'இவர் அவரேதான்' என்று சொல்லவைக்கும் படத்துக்குத் தென்னாடு மேலும் ஈராண்டு நூறுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குத் தேவையான பொருள் கடல் கடந்து வந்தது. அதுவே எண்ணெய் வண்ணம்.

கிளிமானூரும் திருவனந்தபுரமும்

இரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆம் நாள், திருவிதாங்கூர் நாட்டில் உள்ள கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். தாயார் உமையம்பாத் தம்புராட்டி. தந்தையார் எழுமாவில் நீலகண்டன் பட்டதிரிப்பாடு. கிளிமானூர்க் குடும்பம் திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்டது. சிறுவனின் கைத்திறனை முதலில் கண்டறிந்தவர் தாய்மாமன் இராஜராஜவர்மா. அவரும் ஓவியரே. சுவாதித் திருநாள் அவையில் இருந்த மதுரை அழகிரி நாயுடுவிடம் அவர் தொழில் பயின்றவர் என்பர். ஆகவே இரவிவர்மாவின் கலைக்கு ஒரு வேர் மதுரையில் இருக்கிறது.

1862இல், பதினான்கு வயதில், மருமகனை மாமன் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். ஆட்சியில் இருந்த ஆயில்யம் திருநாள் மகாராஜா அவனை அங்கேயே தங்கிக் கற்குமாறு பணித்தார். அப்போது அவையோவியராக இருந்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணத்தைக் கையாளத் தெரிந்தவர் அவர். ஆனால் அவ்வித்தையைப் புதியவனுக்குக் கற்பிக்க அவர் உடன்படவில்லை. அவருடைய மாணவரான ஆறுமுகம் பிள்ளை என்பவர், ஆசிரியர் அறியாமல் இரவு வேளையில் வந்து தாம் அறிந்ததைச் சொல்லிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறும். தொழில் மறைபொருளாகக் காக்கப்பட்ட காலம் அது. வண்ணம் குழைக்கும் அளவு ஒரு குடும்பத்தின் சோறு. ஆதலால் நாயக்கரின் மறுப்பைப் பொறாமை என்று மட்டும் கூறிவிட இயலாது.

1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவப்படத்தை எழுத வந்தார். அவரும் கற்பிக்க விரும்பவில்லை. அரசரின் சொல்லுக்கு இணங்கி, தாம் எழுதும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் இசைந்தார். பார்த்ததைக் கொண்டு, தவறித் தவறித் தாமே பழகிக்கொண்டார் இரவிவர்மா. 1866இல் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பாகீரதியை அவர் மணந்திருந்தார். 1870இல் கொல்லூர் மூகாம்பிகையை வழிபட்டுத் திரும்பிய பின் ஓவியத்தையே தொழிலாகக் கொண்டார் என்பர். கூலி பெற்று எழுதிய முதல் படம், கோழிக்கோட்டில் நீதிபதியாக இருந்த கிழக்கே பாலாட்டுக் கிருஷ்ண மேனோனின் குடும்பப் படம். அரச குடும்பத்தில் பிறந்தவர் கூலிக்குத் தூரிகை எடுப்பது அக்காலத்தில் எளிய முடிவன்று.

எண்ணெய் வண்ணம் செய்த மாற்றம்

அதுவரை தென்னாட்டில் வழங்கிய தஞ்சாவூர் ஓவியம் பலகையின்மேல் ஒட்டிய துணியில் எழுதப்படும். சுண்ணப்பொடியும் பசையும் கலந்து மேடுபடுத்தி, பொன் தகடும் கற்களும் பதித்து, தட்டையான நிறங்களால் நிரப்புவர். பசையில் கரைத்த நிறம் விரைவில் உலர்ந்துவிடும். ஒரு நிறம் மற்றொன்றில் கரைந்து மறைய நேரம் இல்லை. ஆகவே கோடே அங்குத் தலைமை ஏற்கும்.

எண்ணெய் வண்ணத்தின் இயல்பு வேறு. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறம் உலர நாள்கள் ஆகும். அதற்குள் ஒளிபடும் கன்னத்தின் நிறத்தை நிழல்படும் கழுத்தின் நிறத்தோடு எல்லை தெரியாமல் இணைக்கலாம். உலர்ந்த படலத்தின்மேல் மெல்லிய நிறப்பூச்சு ஒன்றைப் பூசினால், கீழுள்ள நிறம் அதனூடே ஒளிரும். மனிதத் தோல் ஒரே நிறமன்று. தோலுக்கடியில் குருதி ஓடுவதால் அதற்கு உள்ளொளி உண்டு. இவ்வுள்ளொளியைக் காட்டவல்லதாக எண்ணெய் வண்ணம் இருந்தமையால்தான் ஐரோப்பாவில் உருவப்படக் கலை அதனோடு சேர்ந்து வளர்ந்தது. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் உரிய உள்ளொளியை அவ்வண்ணத்தில் கண்டுபிடித்தது இரவிவர்மாவின் தனிப்பேறு. பட்டின் பளபளப்பையும், பருத்தியின் மென்மையையும், முத்தின் வெண்மையையும் வெவ்வேறாக அறியுமாறு எழுத அவரால் முடிந்தது. நேரில் அமர்த்தி எழுதியதோடு, நிழற்படத்தையும் அவர் துணையாகக் கொண்டார்.

அரசவைகளின் ஓவியர்

1873இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர்ப் பெண்ணின் படம் அவருக்குப் பொற்பதக்கம் பெற்றுத் தந்தது. அதே ஆண்டு வியன்னாக் கண்காட்சியிலும் பரிசு கிடைத்தது. இருபத்தைந்து வயதில் பெற்ற இப்புகழுக்குப் பின் அழைப்புகள் பெருகின. சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் தம் உருவப்படத்தை எழுதுவித்தார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் உருவையும் அவர் எழுதினார். மைசூரில் உடையார் மன்னர்களும் அவரை ஆதரித்தனர். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பின்னர் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் த. மாதவராவின் வழியாகப் பரோடாவின் அழைப்பு வந்தது. 1881இல் சாயாஜிராவ் கெயிக்வாடு ஆட்சிப் பொறுப்பேற்ற விழாவையொட்டி அங்குச் சென்று அரச குடும்பத்தாரின் படங்களை எழுதினார். 1901இல் உதயப்பூர்க்கும் சென்றார்.

இப்படங்களில் அமைந்த முறையை உற்றுநோக்கினால் நெடுநல்வாடையின் வேம்பு நினைவுக்கு வரும். அரசர் நிற்கும் தூண், பின்னே தொங்கும் கனத்த திரை, மேசைமேல் புத்தகம், மார்பில் பதக்கம், இடையில் உடைவாள், காலில் பூட்டணி என ஒவ்வொரு பொருளும் ஒரு சொல்லாக நின்று இவர் யார், எத்தகுதியர், யாரோடு உறவுடையவர் என்பதைச் சொல்லும். பிரித்தானிய ஆட்சியில் அதிகாரம் குறைந்துபோன அரசர்களுக்கு அவ்வடையாளங்கள் மேலும் இன்றியமையாதவை ஆயின. படைநடத்தும் உரிமை குறைந்தவர் வாளோடு படத்தில் நிற்க விரும்பினார். அவ்விருப்பத்தை நிறைவேற்றுவதோடு, முகத்தில் உள்ள தயக்கத்தையோ களைப்பையோ முற்றும் அழித்துவிடாமல் எழுதியதே இரவிவர்மாவின் நேர்மை. 1883இல் எழுதிய இராணி இலட்சுமிபாயின் படத்தில் நகைகளுக்கும் பதக்கத்துக்கும் நடுவே அமைந்திருக்கும் அம்முகம் காண்போரிடம் எதையும் வேண்டி நிற்பதில்லை. அவர் ஓவியரின் மனைவிக்குத் தமக்கை முறையினர்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் உயர்குடியினரின் உருவப்படங்களுக்குப் பெயர்பெற்று வந்தவர் ஜான் சிங்கர் சார்ஜெண்ட் (1856–1925). 1884இல் பாரிசுக் கண்காட்சியில் அவர் வைத்த படம் ஒன்றில் பெண்ணின் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. எனினும் ஊர் முழுவதும் அவர் கோத்ரோ அம்மையார் என்று அறிந்துகொண்டது. தோளிலிருந்து நழுவிய உடைப்பட்டி பெரும் அலர் எழுப்பியது. சார்ஜெண்ட் பின்னர் அப்பட்டியைத் தோளின்மேல் இருப்பதாகத் திருத்தி எழுதினார். 1916இல் அப்படத்தை நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு விற்றபோதும் பெயரை வெளியிட வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டார். 'மேடம் எக்ஸ்' என்னும் பொதுப்பெயரே அதற்கு நிலைத்தது. பெயரை மறைத்தால் அலரைத் தவிர்க்கலாம் என்னும் எண்ணம் நம் அகத்திணைக்கு மட்டும் உரியதன்று என்பதை இது காட்டும்.

பொதுப்பெயர் பெற்ற பெண்கள்

தனி ஒருவரைச் சுட்டும் பெயருக்குச் சாத்தன், கொற்றன் என்பவற்றை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். மகன், மகள், ஆடூஉ, மகடூஉ என்பன பொதுமையில் நிற்பவை. இரவிவர்மாவின் படங்களுக்கு வழங்கும் தலைப்புகளை இந்நோக்கில் பிரித்தால் ஒரு செய்தி தெளிவாகும். விலை கொடுத்து எழுதுவித்தவருக்குப் பெரும்பாலும் இயற்பெயர் இருக்கிறது. பதக்கம் பெற்றுத் தந்த பெண்களுக்கோ பொதுப்பெயரே இருக்கிறது. 1873ஆம் ஆண்டுப் படத்தில் உள்ளவர் 'நாயர்ப் பெண்'. அடுத்த ஆண்டு சென்னையில் காட்டப்பெற்றுப் பின் வேல்ஸ் இளவரசருக்கு அன்பளிப்பாகச் சென்ற படத்தில் இசைக்கருவி வாசிப்பவர் 'தமிழ்ப் பெண்'. மைசூருக்காக எழுதிய 'இசைக்கலைஞர் கூட்டம்' என்னும் படத்தில் பதினொரு பெண்கள் வெவ்வேறு நாட்டு உடையில் அமர்ந்திருக்கின்றனர். பதினொருவரில் ஒருவருக்கும் பெயர் இல்லை. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் பத்துப் படங்களை அனுப்பிப் பரிசு பெற்றார். அவற்றுள் ஒன்று, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கணவன் வரும் திசையைக் காட்டும் இளம்தாயின் படம். 'அதோ அப்பா வருகிறார்' என்பது தலைப்பு. அத்தாய் ஓவியரின் மகள் மகாபிரபை. சொந்த மகளும் கண்காட்சியில் 'ஒரு தாய்' ஆகவே நின்றார்.

1888இல் பரோடா அரண்மனைக்காகப் பதினான்கு புராணப் படங்களை எழுதும் பணி அவருக்குக் கிடைத்தது. அதற்காகத் தம்பி இராஜராஜவர்மாவோடு வடநாடெங்கும் பயணம் செய்தார். சீதையும் தமயந்தியும் எந்த நாட்டு உடையை உடுத்த வேண்டும் என்பது அவர் எதிர்கொண்ட வினா. எந்த ஒரு வட்டாரத்துக்கும் முழுவதும் உரியதாகாமல், எல்லோரும் தமதெனக் கொள்ளத்தக்க புடவைக் கட்டை அவர் தேர்ந்தார். மொழியியல் படித்தவன் கண்ணுக்கு இது பொதுமொழி ஆக்கம் போன்றது. பல வட்டார வழக்குகள் இருக்க, அவற்றுள் சிலவற்றைக் கொண்டு எல்லோருக்கும் ஒரு வழக்கை அமைப்பது பொதுமொழியின் இயல்பு. அவ்வாறு அமையும்போது சில வழக்குகள் மேலேறும். பல மறையும்.

தேவியருக்கு முகம் எங்கிருந்து வந்தது? உருவப்பட ஓவியரால் வெறுங்கற்பனையில் முகம் எழுத இயலாது. அவர் முன்னே ஒரு பெண் அமர வேண்டும். பாடகி அஞ்சனிபாய் மால்பேகர் (1883–1974) அவ்வாறு அமர்ந்தவருள் ஒருவர் என்னும் செய்தி வழங்குகிறது. இசையுலகம் அவரைப் போற்றியதால் அப்பெயர் எஞ்சியது. பெயர் எஞ்சாதவர் பலர். ஒருவரின் கண்ணையும் நெற்றியையும் நாடு முழுவதும் விளக்கேற்றி வணங்குகிறது. அவர் யார் என்பதோ எவருக்கும் தெரியாது.

ஓவியரின் சொந்தக் குடும்பத்திலும் இதே நிலை உண்டு. தம்பி இராஜராஜவர்மா பல ஆண்டுகள் அண்ணனோடு ஒரே கூடத்தில் எழுதியவர். இயற்கைக் காட்சியில் வல்லவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிவைத்த நாட்குறிப்பே அண்ணனின் தொழில்வாழ்வை நாம் அறியப் பெருந்துணை. 1905ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் மறைந்தார். தங்கை மங்களபாயும் ஓவியர். இரவிவர்மாவின் உருவப்படங்களுள் ஒன்று அவர் எழுதியது. எல்லோர் முகத்தையும் எழுதியவரின் முகத்தை எழுதியவர் தங்கை என்பதை அறிந்தோர் சிலரே.

கல்லச்சு வழியே வீடுகளுக்கு

அரண்மனைப் படத்தை ஏழையும் காண வழி உண்டா? படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் பெருக்கினால் நாட்டுக்குப் பயன்படும் என்று மாதவராவ் 1884இல் கடிதம் எழுதினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1894இல், பம்பாயில் இரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியது. தொழில்நுட்பம் செருமனியிலிருந்து வந்தது. வழவழப்பான சுண்ணக்கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள மையால் எழுதுவர். கல்லை நனைத்தால் எழுதாத இடம் நீரை ஏற்கும். எழுதிய இடம் நீரைத் தள்ளி அச்சுமையை ஏற்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வேண்டும். ஒரே தாள் பல கற்களின்மேல் இம்மியும் பிசகாமல் பதிய வேண்டும். பதிந்தபின் மெருகெண்ணெய் பூசினால் தாள் எண்ணெய் ஓவியம்போல் மின்னும்.

அச்சகம் பொருளாதாரத்தில் வெற்றி பெறவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவியதும் கடன் பெருகியதும் இடையூறுகள். அது லோணாவலாவை அடுத்த மளவலிக்கு மாறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பணிசெய்த செருமானியரான பிரிட்ஸ் ஷ்லைகருக்கு விற்கப்பட்டது. ஆனால் படங்கள் பரவின. செட்டிநாட்டு வீடுகளின் வளவுகளில் அவை கண்ணாடிச் சட்டத்துக்குள் இன்றும் தொங்குகின்றன. பிற்காலத்தில் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளில் அச்சாகித் தமிழர் வாழும் இடமெல்லாம் சென்றன. இரவிவர்மா வகுத்த முகமும் நிற்கும் நிலையும் அவற்றில் வேறு நிறங்களில் தொடர்ந்தன.

அவ்வச்சகம் தொடங்கிய 1894ஆம் ஆண்டிலேதான், நம் பினாங்கில் தைப்பூசத்துக்கு உலா வரும் நகரத்தாரின் வெள்ளித்தேரும் காரைக்குடியிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தது. தேரில் எழுந்தருளும் திருவுருவுக்கு ஆகமம் அளவு சொல்லும். முகம் தனிமனிதச் சாயல் கொள்ளாது. வீட்டுச் சுவரில் நாம் வணங்கும் படத்துக்கோ ஒரு மனிதச் சாயல் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் வணங்கும் நாம் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

மறுப்பும் மதிப்பும்

1904இல் கெய்சர்-இ-ஹிந்து பொற்பதக்கம் பெற்ற இரவிவர்மா, 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரில் மறைந்தார். அடுத்த ஆண்டே கடுமையான மறுப்பு எழுந்தது. கொழும்பில் பிறந்தவரும் சர் முத்துக்குமாரசுவாமியின் மகனுமான கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி, இப்படங்களில் தெய்வத்தன்மை இல்லை, நாடக மேடையின் தோற்றமே உள்ளது என்னும் கருத்துப்பட எழுதினார். தேவியர் நடுத்தர வீட்டுப் பெண்களாகத் தோன்றுகின்றனர் என்பது அவ்வணியினரின் குறை.

குறை கூறியவர் கண்டது உண்மையே. அதைக் குறையென்று கொள்ள வேண்டுமா என்பதுதான் வினா. தேவியில் ஒரு பெண் தெரிகிறாள் என்றால், அவள் முன்னே அமர்ந்த பெண்ணை ஓவியர் முற்றும் அழித்துவிடவில்லை என்பது பொருள். உருவப்பட ஓவியரின் பழகிய கண் அதனைச் செய்ய விடவில்லை. என் வருத்தம் வேறு. முகத்தைக் காத்த அதே கை, பெயரைக் காக்கவில்லை. காலம் குமாரசுவாமியின் தீர்ப்பைத் திருத்தியது. இரவிவர்மாவின் படங்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லலாகாத கலைச்செல்வமாக இந்திய அரசு அறிவித்தது. ஆனால் படத்துக்குக் கிடைத்த காப்பு, படத்தில் உள்ளவர்க்குக் கிடைக்கவில்லை. மளவலி அச்சகமும் 1972இல் தீக்கு இரையானது.

நம் சுவரில் உள்ள முகங்கள்

இவ்வரலாறு பினாங்குத் தமிழர்க்கு ஏன் வேண்டும்? நம் முன்னோர் துறைமுகத்திலும் தோட்டத்திலும் இருப்புப்பாதையிலும் கடைத்தெருவிலும் உழைத்தவர்கள். கூலி சேர்த்து, வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ ஜார்ஜ் டவுனில் ஒரு நிழற்பட நிலையத்துக்குச் சென்று, எழுதிய திரைக்கு முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தூணும் திரையும் மேசையும் புத்தகமும் அங்கும் உண்டு. அரண்மனைப் படத்தின் இலக்கணம் உழைப்பாளியின் படத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. எழுத்தறியாதவர் கையில் புத்தகம் இருக்கும். கடிகாரம் நிலையத்தாருடையதாகவும் இருக்கலாம். ஆயினும் நேராக நோக்கும் அந்தக் கண்கள் அவருடையவை.

அப்படங்கள் இன்று எந்த நிலையில் உள்ளன? வீடு மாறும்போது சில எறியப்படுகின்றன. சில பழம்பொருள் கடைகளில் சட்டத்தின் விலைக்கு விற்கப்படுகின்றன. அங்கே அவற்றுக்கு ஒட்டப்படும் குறிப்பு 'பழங்காலத் தமிழ்ப் பெண்', 'இந்தியக் குடும்பம்' என்பதே. ஒருகாலத்தில் பேத்தியால் 'எங்கள் அப்பாயி' என்று சுட்டப்பட்டவர், மூன்று தலைமுறைக்குள் பொதுப்பெயராகி விடுகிறார். அகத்திணையில் பெயர் கூறாமை உணர்வைப் பொதுமையாக்கப் புலவர் விரும்பி ஏற்ற மரபு. இங்கு நேர்வது மரபன்று, மறதி.

இதனைத் தடுக்க அருங்காட்சியகமோ பெரும்பொருளோ தேவையில்லை. வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே ஒவ்வொரு படத்தையும் கீழே இறக்கி, இவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தவர், யாருக்கு என்ன முறை, படம் ஏறத்தாழ எந்த ஆண்டினது என்று கேட்க வேண்டும். விடையை மென்மையான கரிக்கோலால் படத்தின் பின்புற அட்டையில் தமிழில் எழுத வேண்டும். மை பின்னாளில் ஊறிப் படத்தைக் கெடுக்கும். கரிக்கோல் கெடுக்காது. பெண்களின் படங்களில் 'இன்னார் மனைவி' என்பதோடு நின்றுவிடாமல் அவரவர் இயற்பெயரைக் கேட்டு எழுத வேண்டும். முறைப்பெயரையும் சேர்த்து எழுதினால், அப்பாயி, அம்மாயி, அத்தை என்னும் சொற்களின் வட்டார வழக்கும் அதனோடு காக்கப்படும். மூத்தவரின் பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்வது மேலும் நன்று.

வரும் தைப்பூசத்துக்குப் பல வீடுகளில் உறவினர் கூடுவர். படங்களைத் துடைத்துப் பொட்டிடும் வழக்கம் உள்ள வீடுகளில் அவை எப்படியும் சுவரிலிருந்து இறங்கும். அந்த நேரத்தில் ஒரு கரிக்கோலை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.